டீச்சர், முட்டுக்கட்டையைக் கொஞ்சம் எடுங்க

வாங்க டீச்சர், திண்ணையில இருங்க. ஏ பிள்ளை, டீச்சருக்கு மோர் கொண்டா. மொகத்தைப் பாத்தாலே தெரியுது, எச்.எம். என்னமோ வேலையைத் தலையில கட்டிட்டாரு. அறிவியல் கண்காட்சியா? நாலாப்பும் அஞ்சாப்பும் சேந்து ‘விசையும் இயக்கமும்’ தலைப்புல செஞ்சு காட்டணுமா? சரியான ஆளுகிட்டதான் யோசனை கேக்க வந்திருக்கிய. மாட்டுவண்டிப் பட்டறையில நரைச்ச தலை இது.

மேலு நோகாம கண்காட்சியை முடிக்க வழி சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. முதல் காரியம், பிள்ளைய கையில எதையும் கொடுத்திராதீய. கொடுத்தா ஒடைக்கும். ஒடைச்சா, ‘ஏன் டீச்சர் ஒடஞ்சுது’ன்னு கேக்கும். கேட்டா நீங்க பதில் சொல்லணும். அந்தப் பாடு என்னத்துக்கு? டவுன்ல தெர்மாகோல் அட்டை விக்கான், ஜிகினாத் தாள் விக்கான். பெத்தவங்களைக் கூப்பிட்டு ஒரு கார், ஒரு ராட்டினம், ஒரு எரிமலை செஞ்சு கொண்டாரச் சொல்லுங்க. விசைக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் கேக்க மாட்டாவ. எரிமலை கக்காத கண்காட்சி எந்த ஊர்ல நடந்திருக்கு?

பெறவு ஒரு சார்ட். மேல நியூட்டன் படம், அவரு தலைக்கு மேல ஒரு ஆப்பிள். அந்த மனுசன் 1687-ல விதி மூணையும் புத்தகத்துல எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. மூணையும் பிள்ளையளுக்கு நெட்டுருப் போட்டு விட்டிருங்க. மூச்சு வாங்காம ஒப்பிக்கிற பிள்ளையை வாசப்பக்கம் நிறுத்துங்க. மேசைக்கு முன்னால ‘தொடாதீர்கள்’னு ஒரு போர்டு. முடிஞ்சுது சோலி. முதல் பரிசு எந்த அப்பனுக்குக் கெடச்சுதுன்னு சாயங்காலம் எனக்கும் வந்து சொல்லிட்டுப் போங்க.

சிரிக்கியளே, இல்லாததையா சொல்லிட்டேன்? என் பேரன் ஒருத்தன் டவுன்ல படிக்கான். அவன் ‘செஞ்ச’ கிரேனை அவனே தொட்டிரக் கூடாதுன்னு அவன் அப்பன் மேசைகிட்ட காவல் இருந்தான். மாப்பிள்ளையை ஓரமா உக்கார வச்சிட்டுத் தோழன் தாலி கட்டுன கதைதான். பய ஒரு வார்த்தை பேசல. கடைசியில சர்டிபிகேட் வாங்கத்தான் எந்திரிச்சான்.

என்னது, பிள்ளையளே செய்யணும்னு ஆசைப்படுதியளா? அப்ப மோரைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க. இது கொஞ்சம் மெனக்கெட்ட வழி.

நுங்கு வண்டியிலயிருந்து ஆரம்பிக்கலாம்னு நீங்க நினைப்பிய. நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா பாருங்க, நுங்கு காய்க்கிறது சித்திரை வைகாசியில. அப்ப உங்களுக்கு லீவு. பிள்ளைய இயற்பியல் படிக்கிற ரெண்டு மாசமும் பள்ளிக்கூடத்தைப் பூட்டி வச்சிருதிய! அதனால வருசம் பூரா கிடைக்கிற சாமானுக்கு வருவோம். வார் அந்துபோன ரப்பர் செருப்பு இல்லாத வீடு நம்ம ஊர்ல உண்டா? அதுல பவுடர் டப்பா மூடியை வச்சு வட்டம் வரைஞ்சு வெட்டுனா சக்கரம். சைக்கிள் கடையில கழிச்சுப் போட்ட ஸ்போக்ஸ் கம்பி அச்சு. மை தீந்த ரீபில் இல்லேன்னா இளநீர்க் கடை ஸ்ட்ரா, அச்சு சுத்துறதுக்குக் குழாய். சோப்பு டப்பா அட்டை, வண்டிக்கூடு. கம்பியை மட்டும் நீங்களே வெட்டி, முனையை அரத்துல ராவிக் கொடுத்திருங்க. ரத்தம் பாத்தா அப்பன்மாரு சண்டைக்கு வந்திருவாவ.

இனிமேதான் உங்களுக்குக் கஷ்டமான பகுதி. வாயை மூடிக்கிட்டு இருக்கணும். டீச்சர் வேலைக்கு வந்தவங்களுக்கு இது எம்புட்டு வாதைன்னு எனக்குத் தெரியும்.

பய சக்கரத்துல ஓட்டை போடுவான். நடுவுலயா போடுவான்? குத்துமதிப்பாப் போடுவான். வண்டி நொண்டும். உங்க நாக்கு துடிக்கும், ‘மையம் தப்பிருச்சு மக்கா’ன்னு சொல்லத் தோணும். சொல்லிராதீய. பக்கத்துல ஒரு சக்கரம் நேரா ஓடிக்கிட்டு இருக்கும்ல, அதையும் இவனுடையதையும் பக்கத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. கண்ணு இருக்குதவன் கண்டுபிடிச்சிருவான். பெறவு நடுவை எப்படிக் கண்டுபிடிக்கன்னு கேப்பான். அந்த மூடியளவுக்கு ஒரு தாளை வட்டமா வெட்டி, ரெண்டா மடக்கி, திரும்ப ரெண்டா மடக்கி விரிச்சா, ரெண்டு கோடும் வெட்டுத இடம் நடு. தாளைச் செருப்பு மேல வச்சுக் குத்த வேண்டியதுதான். கணக்குப் பாடத்துல காம்பஸ் பெட்டி வாங்குததுக்கு முன்னாலயே பயலுக்கு விட்டமும் மையமும் கையில வந்துருது. அன்னைக்குக் கணக்கு வாத்தியாருக்கு ஒரு பீரியடு மிச்சம், அதுக்கு அவருகிட்ட நீங்க டீ வாங்கிக் குடிக்கலாம்.

அடுத்தது அச்சு. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு கரும்பலகையில எழுதிப் போடுதிய. எழுதுன வாத்தியாரு கடையாணியைக் கண்ணுல பாத்திருக்காரான்னு கேக்கப்படாது. இந்தச் செருப்பு வண்டியில ரெண்டு பிள்ளை ரெண்டு விதமாச் செய்யும். ஒருத்தி ரெண்டு சக்கரத்தையும் கம்பியோட இறுக்கிருவா, கம்பி குழாய்க்குள்ள சுத்தும். இன்னொருத்தி கம்பியை வண்டிக்கூட்டோட கட்டிருவா, சக்கரம் மட்டும் தனித்தனியாச் சுத்தும். நேரா ஓடுததுல ரெண்டும் சரிக்குச் சரி. திருப்பச் சொல்லுங்க, அப்பத் தெரியும் சேதி. இறுக்குன வண்டி முரண்டு பிடிக்கும், தரையில தேய்க்கும். ஏன்னா, திரும்புதப்ப வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தூரம் கூட, உள்பக்கச் சக்கரத்துக்குக் குறைச்சல். ரெண்டும் ஒரே கம்பியில பூட்டிக் கிடந்தா எவன் விட்டுக் கொடுப்பான்? எங்க மாட்டுவண்டியில அச்சு அசையாது, சக்கரம் தனித்தனியாத்தான் சுத்தும். சந்து திரும்ப முடிஞ்சது அதனாலதான். இதைப் பிள்ளைய சண்டை போட்டுக் கண்டுபிடிக்கட்டும். நீங்க சமாதானம் பண்ணப் போகாதீய.

உராய்வுன்னு ஒரு பாடம் வச்சிருக்கியளே, அதைப் பிள்ளையளுக்குச் சொல்லுதப்ப வில்லனாக்கிருதிய. உராய்வு வண்டியைத் தடுக்கும், வேகத்தைக் குறைக்கும், சாமானைத் தேய்க்கும்னு ஒரே வசவு. பாவம், அது இல்லேன்னா நீங்க வகுப்புக்குள்ள நடந்து போக முடியுமா? எங்க பட்டறையில வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்சு மை போடுவோம். அச்சுல போடுவோம், சக்கரத்துப் பட்டாவுல போட மாட்டோம். ஒரே வண்டியில ஒரு இடத்துல உராய்வு எதிரி, ஒரு இடத்துல கூட்டாளி. செருப்பு வண்டியோட குழாய்க்குள்ள ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுச் சரிவுல இறக்கிப் பாக்கச் சொல்லுங்க, கூடுதலாப் போகும். பெறவு அதே எண்ணெயை ரப்பர் பேண்ட் முறுக்குல ஓடுத வண்டியோட சக்கரத்துல தடவச் சொல்லுங்க. சக்கரம் சுத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். சட்டையெல்லாம் எண்ணெயாகும், தாய்மாரு வந்து உங்களை வைவாவ. வாங்கிக் கட்டிக்கிடுங்க, பாடம் ஏறிருச்சுன்னு அர்த்தம்.

அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்லுதாவளே, அதையும் ஒரு தடவை நம்பாம இருந்து பாருங்க. ஒரு செங்கலைக் கயித்துல கட்டி, கயித்து நுனியில ரப்பர் பேண்டை மாட்டி, பக்கத்துல ஸ்கேலை வச்சு இழுக்கச் சொல்லுங்க. ரப்பர் நீளும், நீளும், செங்கல் அசையாது. ஒரு அளவு தாண்டுனதும் வெடுக்குன்னு கிளம்பும். கிளம்புன பெறவு ரப்பர் கொஞ்சம் சுருங்கிரும், அம்புட்டு இழுப்பு வேண்டியதில்ல. அந்த அளவுக்குக் கீழ பூப்பூவா நூறு தட்டு தட்டுனாலும் அம்மி நகராது. நறுக்குன்னு தட்டுத தட்டுதான் கொஞ்சங் கொஞ்சமா நகத்தும். அடுத்து, செங்கலுக்கு அடியில நாலு உருண்டைப் பென்சிலைப் போட்டு இழுக்கட்டும். ரப்பர் நீண்டதே தெரியாது. சக்கரம் எதுக்குன்னு அதுக்கு மேல ஒரு வார்த்தை நீங்க பேச வேண்டாம். அந்த ரப்பரும் ஸ்கேலும் சேந்து ஒரு விசைமானி. கடையில வாங்குனா பூட்டி அலமாரியில வச்சிருவிய, இதைப் பூட்ட மனசு வராது.

தேருக்கு வருவோம். ஆனியில நெல்லையப்பர் தேர் பாத்திருப்பியளே. வடம் பிடிச்ச கூட்டம் எல்லாம் சேந்து இழுத்தாலும் தேர் சட்டுன்னு கிளம்பாது. பின்னால சக்கரத்துக்கு அடியில தடியைக் கொடுத்து நெம்புவாவ. கிளம்புன தேரு, ‘நில்லு’ன்னா நிக்குமா? அதுக்குத்தான் சக்கரத்துக்கு முன்னால கட்டையைப் போடுததுக்குன்னு ஆளு. சும்மா கிடக்கிறது சும்மா கிடக்கப் பாக்கும், ஓடுதது ஓடப் பாக்கும். நியூட்டனோட முதல் விதி ரத வீதியில வருசா வருசம் ஊர்வலம் வருது. நாம கையெடுத்துக் கும்பிட்டுட்டு, திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல போயி அதே விதியை நெட்டுருப் போடச் சொல்லுதோம். தேர் முடிஞ்ச மறுநாள் நம்ம தெருப் பயலுவ குச்சியும் கலர்த் தாளும் வச்சு ஒரு சப்பரம் கட்டி இழுத்துக்கிட்டு வாரானுவல்ல? அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாரச் சொல்லுங்க. மூலையில திருப்பையில உசந்த சப்பரம் சாயும். அடித்தட்டுல ஒரு கல்லை வச்சா சாயாது. அதே கல்லை உச்சியில வச்சா இன்னும் சீக்கிரம் சாயும். கல்லு ஒண்ணுதான், வச்ச இடந்தான் வேற. இதைக் கண்டுபிடிச்ச பயலுக்கு பஸ் மேற்கூரையில மூட்டை ஏத்துதவனைப் பாத்தா வயித்தைக் கலக்கும்.

பலூன் வண்டி எல்லாப் பிள்ளையும் செய்யும், செய்யட்டும். பலூன் வாயில பேனாக் கூட்டைச் சொருகி வண்டியில கட்டுனா, காத்து பின்னால போகும், வண்டி முன்னால போகும். இதைப் பாத்துக் கை தட்டிட்டு விட்டிராதீய. கூட்டைக் கொஞ்சம் பக்கவாட்டுல திருப்புனா வண்டி எந்தப் பக்கம் போகும்னு முதல்ல கேளுங்க, பெறவு விடச் சொல்லுங்க. பாதி வகுப்பு தப்பாச் சொல்லும். மகேந்திரகிரியில இஸ்ரோக்காரவ ராக்கெட் எஞ்சினை மேடையில கட்டிப்போட்டு எரிச்சுப் பாக்காவளே, தெரியும்ல? அது ஓடிரக் கூடாதுன்னு கட்டிப்போட்டு, எம்புட்டுத் தள்ளுதுன்னு அளக்காவ. உங்க வகுப்புப் பிள்ளையும் பலூன் வண்டியை அந்த ரப்பர் பேண்டுல கட்டிப்போட்டு, எம்புட்டு நீட்டுதுன்னு ஸ்கேல்ல பாக்கலாம். அங்க கோடிக்கணக்குல செலவு, இங்க ரெண்டு ரூவா. வேலை ஒண்ணுதான்.

இப்ப நான் சொல்லப்போறதைப் பக்கத்து ஊர் டீச்சருக்குச் சொல்லிராதீய. கடையில ஒரு பிவிசி பைப் வாங்கி, 16 சாண் நீளத்துக்கு நெடுக ரெண்டா அறுத்து, வாய்க்கால் மாதிரி வைங்க. நடுவுல தொய்யாம செங்கல் முட்டுக் கொடுங்க. தலைமாட்டை 1 சாண் உசத்துங்க. கோலிக்குண்டை உருட்டி விடணும். 4 பிள்ளையளை பைப் ஓரமா 4 சாணுக்கு ஒருத்தரா உக்கார வைங்க. கோலியை விடையில ஒரு தட்டு. கோலி தன்னைத் தாண்டையில ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கைத்தட்டு. என்ன கேக்கும்? முதல் தட்டுக்கும் ரெண்டாந் தட்டுக்கும் இடையில வெகுநேரம். பெறவு தடதடன்னு ஓடும், தாளம் பிசகிரும். இப்ப பிள்ளையளைப் பாத்து, ‘தாளம் ஒரே சீரா விழுத மாதிரி நீங்களே எடம் மாறி உக்காருங்க’ன்னு சொல்லிட்டு வெளியே போயிருங்க. கத்துவாவ, தள்ளுவாவ, முன்ன நகரு பின்ன நகருன்னு சண்டை நடக்கும். தாளம் ஒத்து வந்த பெறவு உள்ள போயி, எங்கெங்க உக்காந்திருக்காவன்னு சாண் போட்டு அளங்க. சுமாரா 1, 4, 9, 16. இடைவெளியைப் பாத்தா 1, 3, 5, 7. இந்தச் சரிவுல ஒரு தட்டுக்கு ஒரு விநாடி கணக்குக்கூட ஏறக்குறையச் சரியா வரும்.

கலிலியோன்னு இத்தாலிக்காரரு ஒருத்தரு இதே சோலியைத்தான் பாத்தாரு. காலேஜுல படிக்கிற என் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. பலகையில பள்ளம் வெட்டி, வழுவழுன்னு இருக்கதுக்குத் தோல் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டி விட்டிருக்காரு. விநாடி காட்டுத கடிகாரம் அவருகிட்ட கிடையாது. பானையில சின்னக் குழாய் வச்சு, குண்டு உருளுத நேரத்துக்கு வடிஞ்ச தண்ணியை நிறுத்துப் பாத்து நேரம் கணக்குப் பண்ணியிருக்காரு. நூறு தடவை செஞ்சு பாத்தேன்னு 1638-ல புத்தகமாவே போட்டிருக்காரு. நூறு தடவை! நாம ஒரு தடவை உருட்டிட்டு, பெல் அடிச்சிட்டான்னு மூட்டை கட்டுதோம்.

செஞ்சு பாக்கதுக்கு இன்னொரு வித்தையும் எடுத்துக்கிடுங்க. ஒரு நேரத்துக்கு ஒண்ணை மட்டும் மாத்தணும். பாரத்தைக் கூட்டி, சக்கரத்தையும் மாத்தி, சரிவையும் உசத்திட்டு, ‘வண்டி வேகமாப் போச்சு டீச்சர்’னு ஒரு பய வருவான். எதனாலடான்னு கேளுங்க, முழிப்பான். திருப்பி அனுப்பிருங்க. ஓடவிடுததுக்கு முன்னால ‘என்ன நடக்கும்னு நினைக்க?’ன்னு நோட்டுல எழுத வைங்க. கல்லு ஏத்துன வண்டிதான் சரிவுல முந்தும்னு எல்லாரும் எழுதுவாவ. ரெண்டும் கிட்டத்தட்டச் சேந்து வந்து நிக்கையில அந்த மூஞ்சியளைப் பாக்கணுமே! தப்பா எழுதுனதுக்குச் சிவப்பு மையில பெருக்கல் குறி போட்டியளோ, அடுத்த தடவை எல்லாப் பிள்ளையும் பக்கத்து நோட்டைப் பாத்துத்தான் நினைக்கும்.

இன்னொண்ணு. குழு பிரிச்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். சுத்தியலும் அரமும் பயலுவ கையில போயிரும். பொம்பளப் பிள்ளையளுக்கு ‘உன் கையெழுத்து அழகா இருக்கும்’னு சொல்லி நோட்டைக் கொடுத்திருவானுவ. அந்தப் பாராட்டுல மயங்கிராதீய, சரியான ஏமாத்து. நாளைக்கு ஒருத்தர் கையில சுத்தியல்னு முறை வைங்க. பயலுவளும் நாலு வரி எழுதட்டும், கையெழுத்து நல்லாகும்.

‘போர்ஷன் முடியாதே தாத்தா’ன்னு இழுக்கிய. நான் என்ன புதுசாவா சொல்லுதேன்? மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் ஜில்லாவுல 1972-ல இதே மாதிரி செஞ்சு பாத்துப் படிக்கிற அறிவியல் திட்டம் ஆரம்பிச்சாவ, 6-ம் வகுப்புலயிருந்து 8 வரைக்கும். கான்பூர் ஐஐடியில படிச்ச அரவிந்த் குப்தா அங்கனதான் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் வச்சு மாடல் செய்யக் கிளம்புனாரு. குப்பையில பொம்மை செஞ்சதுக்கு 2018-ல பத்மஸ்ரீயும் கொடுத்தாவ. அந்தத் திட்டத்துக்கு என்ன கொடுத்தாவன்னு கேளுங்க. 2002-ல அரசாங்கமே நிறுத்திட்டு. ஓடுத தேருக்குக் கட்டை போடுததுல நமக்கு அம்புட்டுத் தேர்ச்சி! நம்ம பக்கம் 2022-ல வானவில் மன்றம்னு வந்துச்சு, கருவிப் பையோட பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி செஞ்சு காட்டுதாவ. நல்ல காரியந்தான். ஆனா அதுவும் 6-லயிருந்து 8 வரைக்கும். 5 வரைக்கும் இருக்க சின்னதுக உங்க பாடு, செருப்பு பாடு.

போர்ஷனை முடிச்சு என்னத்தைக் கண்டோம்? முடிச்ச பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு நொண்டி வண்டியைக் கையில கொடுத்து, ‘ஏன் நொண்டுது’ன்னு கேளுங்க. விதியை அட்சரம் பிசகாம ஒப்பிக்கும். வண்டி அங்கனயே நிக்கும்.

கடைசியா ஒண்ணு. கண்காட்சிக்கு அதிகாரி வருவாரு. பிள்ளையளை வரிசையில நிறுத்தி விளக்கம் சொல்ல வைக்காதீய. ஒரு செருப்பு வண்டியையும் விளக்கெண்ணெய்ப் பாட்டிலையும் அவரு கையில கொடுத்து, ‘சார், இது சிமெண்டுல ஓடுது, கோணிச் சாக்குல திணறுது, என்ன செய்யலாம்?’னு ஒரு பிள்ளையைக் கேக்கச் சொல்லுங்க. மனுசன் தரையில குத்தவச்சு உக்காந்துட்டாருன்னா நீங்க பொழைச்சிய, உங்க பள்ளிக்கூடமும் பொழைச்சுது. உக்காரலேன்னா ஒரு நாற்காலியைப் போட்டு, சார்ட்டைக் காட்டி, சால்வை போட்டு அனுப்பிருங்க. அவரு கிளம்புத வரைக்கும் வண்டியை மட்டும் மறைச்சு வைங்க. இல்லேன்னா ‘தரமான பொருளில் செய்யப்படவில்லை’ன்னு ஆய்வேட்டுல எழுதி வச்சிட்டுப் போயிருவாரு.